சக்குபள்ளத்துக்கு ஏற்ற ரேக்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நிமி கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே சுருண்டு கிடந்த மல்லி மூச்சு இழுக்கும்போதெல்லாம் மெல்லிய கொரகொரப்பு எழுந்தது. மல்லி ஒரு பால் பைத்தான், பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. தடித்த உடம்பு, சாதுவான குணம். சில வாரங்களாகவே இரையைத் தொடவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது நிமி வளர்க்க ஆரம்பித்த உயிர்கள் அவை. மல்லி, செம்பன் என்கிற கார்ன் பாம்பு, புள்ளி போட்ட லெப்பர்ட் கெக்கோ பல்லிகள் நான்கு. எல்லாம் வெளிநாட்டு இனங்கள், முறையாகப் பதிவு செய்தவை. கோயம்புத்தூர் வெயிலுக்குக் கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி போதுமானதாக இருந்தது. கல்யாணமாகி வந்த மலை ஊரான சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, கதை வேறு. அடியில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது வலை வழியாக மேலே போய்விட்டது. பனியும் ஈரமும் அதே வலை வழியாக உள்ளே இறங்கின.

கட்டப்பனையிலிருந்து வந்த கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார். "மருந்து பாதி வேலைதான் செய்யும் நிமி. இந்தத் தொட்டியிலயே இருந்தா சளி திரும்ப வரும்."

அன்று சாப்பிடும்போது நிமி விஷயத்தைச் சொன்னாள். தொட்டிகளை எடுத்துவிட்டு, இழுப்பறை மாதிரி பிளாஸ்டிக் டப்புகள் வைத்த ரேக் வாங்கப் போவதாக. கணவன் ஜினோ தலையாட்டினான். மாமனார் வேதமுத்து எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சோற்றைப் பிசைந்தபடியே பேசினார்.

"வளக்குறதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா ஒண்ணு வெளிய வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே எல்லாம் வீட்ட விட்டுப் போயிரணும்."

"வராது மாமா," என்றாள் நிமி. சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வாளையாரில் மணிகண்டன் என்பவர் தன்னுடைய பழைய ரேக்கை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அலுமினியப் பட்டறை வைத்திருக்கும் அவரும் பாம்பு வளர்ப்பவர். ஜினோவின் ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக மலை இறங்கிப் போனார்கள். லாரிகள் வரிசை கட்டி நின்ற நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருந்தது பட்டறை.

"வாங்க, வாங்க. ஏனுங்க, இத்தனை தூரம் இந்த வெக்கையிலயா வந்தீங்க? மொதல்ல தண்ணி குடிங்க," என்று வரவேற்ற மணிகண்டன், ரேக்கைத் தட்டிக் காட்டினார். "இதுல வளந்த ஒண்ணுக்குக்கூட சீக்கு வந்ததில்லீங்க."

நிமி ஒவ்வொரு டப்பாக இழுத்துப் பார்த்தாள். காற்றுத் துளைகள் உள்ளிருந்து வெளியே போடப்பட்டிருந்தன, சொரசொரப்பான விளிம்பு வெளிப்பக்கம். பாம்பின் மூக்கு உரசாது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. டப்பின் நாலு பக்கமும் துளைகள். கரண்டில் இயங்கும் சூட்டுப் பட்டை ஒட்ட இடமே இல்லை.

"உங்க ஊருக்கு இது நல்ல ரேக்குதான் அண்ணே. எங்க ஊர்ல இதுல வச்சா, ஐஸ்பெட்டியில வச்ச மாதிரிதான்."

மணிகண்டன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப எப்படி வேணுமுன்னு சொல்லுங்க, புதுசாவே அடிச்சுத் தர்றேன்."

அவள் தயாராக வந்திருந்தாள். பின்பக்கமும் பக்கவாட்டும் பலகை வைத்து அடைக்க வேண்டும். சூட்டுப் பட்டை பின்னால் மட்டும். அப்போதுதான் டப்பின் முன்பக்கம் குளிர்ந்து இருக்கும், பாம்பு தனக்குப் பிடித்த இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். சூடு ஏறினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். மல்லி உடம்பை நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு, வெளிச்சம் ஊடுருவாத டப். துளைகள் கொஞ்சமாக. டப்புக்குத் தனி மூடி கிடையாது, மேலே இருக்கும் தட்டுதான் மூடி என்பதால், அதற்கும் டப்புக்கும் நடுவே ஒரு ஏ.டி.எம் கார்டு நுழைந்தால் அதிகம்.

எல்லாவற்றையும் கேட்ட மணிகண்டன் விரலை உயர்த்தினார். "பல்லிகளையும் இதுக்குள்ளயே வெப்பீங்களா?"

"கீழ் வரிசையில."

"அது ஆவாதுங்க. பைத்தானுக்கு ஈரம் வேணும், பல்லிக்குக் காஞ்ச காத்து வேணும். ரெண்டையும் ஒரே பொட்டியில அடைச்சா ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு சிரமப்படுமுங்க."

நிமிக்குச் சுருக்கென்றது. இதை எப்படி யோசிக்காமல் விட்டாள்? உடனே திட்டத்தை மாற்றினாள். பல்லிகளுக்குத் தனியாகச் சின்ன ரேக். பகலிரவு தெரியும்படி ஒளி புகும் டப், நிறையத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை.

ரேக்குகள் தயாரானதும் ஜினோ போய் ஏற்றிக்கொண்டு வந்தான். மலைப்பாதைக் குலுக்கலில் ஒரு டப் விரிசல் விட்டிருந்தது. பக்கத்து ஊர்க் கடையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. கொஞ்சம் மெல்லியது. 'பரவாயில்லை, செம்பனுக்குப் போதும்' என்று வாங்கி வந்துவிட்டாள் நிமி.

உயிர்களை உடனே மாற்றவில்லை. வெறும் டப்புகளில் வெப்பமானியை வைத்து, சூடு ஒரே நிலையில் நிற்கிறதா என்று பல நாள் பார்த்தாள். கரண்ட் போய் வந்தபோதும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்த பிறகே ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்புமுன் தண்ணீர்க் கிண்ணம் மாற்றப் போனவள் செம்பனின் டப்பை இழுத்தாள். காலியாக இருந்தது. சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து, பின்மூலையில் விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அதில் நழுவி, பக்கவாட்டு இடுக்கு வழியே முன்னால் வந்து வெளியேறியிருக்கிறான்.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜினோ, "அப்பாட்ட இப்ப சொல்ல வேணாம், தேடிருவோம்," என்று கிசுகிசுத்தான்.

"அவரும் இந்த வீட்டுலதான இருக்காரு. தெரியாம மிதிச்சிட்டா?"

நேராக அடுக்களைக்குப் போனாள். வேதமுத்து ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று பால் விடாத கட்டன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, செம்பன் வெளிய வந்திருச்சு. விஷம் கிடையாது, ஆனா பாத்து நடங்க. தப்பு என்னோடதுதான், மெல்லிசு டப்ப வாங்கிப் போட்டேன்."

அவர் டம்ளரை இறக்காமல் அவளையே பார்த்தார். அவளுக்குப் பதற நேரமில்லை. குளிரில் வெளியே வந்த பாம்பு சூட்டைத் தேடித்தான் போகும். இந்த வீட்டில் எப்போதும் சூடாக இருப்பது எது?

"மாமா, கொஞ்சம் நகருங்க."

ஃப்ரிட்ஜை ஜினோ மெதுவாக முன்னால் இழுத்தான். பின்னால், கம்ப்ரஸரின் மேல், செம்பன் சுகமாகச் சுருண்டிருந்தான். நிமி கையை நுழைத்து, அவசரமில்லாமல், சுருள் சுருளாக எடுத்தாள்.

வேதமுத்து இரண்டடி தள்ளிப்போய் நின்றிருந்தார். "இவ்வளவு நேரம் நான் இது மேலயா சாஞ்சிருந்தேன்?"

"ஆமா மாமா. நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னைக்கு டப்ப மாத்தி, குறுக்க கம்பி போட்டுப் பூட்டுறேன். நீங்களே வந்து இழுத்துப் பாருங்க. உங்களுக்குத் திருப்தி இல்லன்னா நானே எல்லாத்தையும் வேற யாருக்காவது கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். சாயங்காலம் ரேக் இருந்த அறைக்குள் வந்தார். கெட்டியான புது டப்பை இழுத்தார், அழுத்தினார், மூலையில் விரலை விட்டுப் பார்த்தார். கம்பியைப் பிடித்து ஆட்டினார். பல்லி ரேக்கையும் விடவில்லை.

"எங்கிட்ட சொல்லாம மறைச்சிருந்தா இன்னைக்கே எல்லாத்தையும் அனுப்பியிருப்பேன்," என்றார். "இருக்கட்டும்."

மழை குறைந்த ஒரு வாரத்தில் மல்லியின் கொரகொரப்பு நின்றது. நிமி இரையை நீட்டிய அன்று, அது தலையைத் தூக்கி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சட்டென்று கவ்விச் சுற்றிக்கொண்டது. நிமி சத்தமில்லாமல் டப்பை உள்ளே தள்ளிக் கம்பியைப் பூட்டினாள். வாசலில் நின்ற ஜினோவைப் பார்த்து, "சாப்டுருச்சு," என்றாள்.