எதிர்ச்சுவரில் மிர்த்தா

மிர்த்தாவுக்கு லூபஸ் நோய் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும், காய்ச்சல் ஏறும், மூட்டெல்லாம் வீங்கிப்போகும். சிலி நாட்டு வால்பரைசோ நகரத்துக் குன்றுகளில் பதினேழு சுவர்களில் படம் வரைந்து தீர்த்தவள் இப்போது பகல் முழுக்கக் கனத்த திரைக்குப் பின்னால் கிடந்தாள்.

வீட்டுக்கு எதிரே, படிக்கட்டை ஒட்டி நீளமாக ஒரு சுவர். முன்னொரு முறை குன்று தீப்பிடித்த அன்று ஜனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியதை அதில் வரைந்து தரச் சொல்லித் தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, பகுதி பகுதியாக உருவங்களை வரைந்தாள். காலையில் விரல் மடங்காது. பத்து மணிக்கு மேல்தான் கையில் பென்சில் நிற்கும். அவள் கணவன் நிபால்தோ ஷேர் டாக்சி ஓட்டுகிறவன். வேலைக்குக் கிளம்புமுன் கோடுகள்மேல் ஊசியால் துளை போட்டு வைப்பான். மீன் விற்று ஓய்ந்திருந்த பக்கத்து வீட்டு ஒதீலியா அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணியால் ஒற்றி எடுத்து, விழுந்த புள்ளிகளைச் சேர்த்து வர்ணம் பூசுவாள்.

மிர்த்தா திரையிடுக்கில் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"ஒதீலியாக்கா, அந்த வாய ஏன் மாத்துனீங்க?"

"என் மூஞ்சிதான? சிரிச்சா என்ன?"

"பீன்ஸ் சட்டியத் தூக்கிட்டு ஓடுறவ சிரிப்பாளா? வீடு எரியுதுக்கா."

"அந்த வீட்டுல எவன்கூடக் குடித்தனம் பண்ணேன்னு உனக்குத் தெரியாது. சிரிச்சுக்கிட்டேதான் ஓடுனேன்."

மிர்த்தாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாய் தப்பு. நாலு நாள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஐந்தாம் நாள் நிபால்தோ வண்டி எடுத்துப் போனதும் தொப்பி போட்டு, கையை மூடிக்கொண்டு, பத்தே நிமிஷம் என்று இறங்கினாள்.

சிமென்டின் சொரசொரப்பு தூரிகை வழியாகக் கைக்கு ஏறியபோது அவளுக்கு அழுகை வந்தது. வாயைச் சரிசெய்தாள். பிறகு கண். பிறகு பக்கத்து ஆளின் தோள். சாப்பிட வந்த நிபால்தோ அவளைச் சுவரடியில் பார்த்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது.

"இந்த வாய் மட்டும்தான்," என்றாள். அவன் தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் தலைமேல் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

மூன்றாம் நாள் காய்ச்சல். சிறுநீரகமும் அடிவாங்கியிருந்தது. இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரி.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள். சுவர் முடிந்திருந்தது. வலது ஓரத்தில் அவள் வரைந்து தராத ஒன்று: ஒரு ஜன்னல், பாதித் திரை, அதன் பின்னே அவள் முகம். படத்திலும் அவள் விரல்கள் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தன.

"இது யார் வேலை?"

"நான்தான். நீ இல்லாம எப்படி முடிக்கிறது?" என்றாள் ஒதீலியா, கொஞ்சம் பெருமையாக.

"எல்லாரும் தப்பிச்சு ஓடுறாங்க. என்ன மட்டும் அங்கயும் பூட்டி வெச்சிருக்கீங்க."

ஒதீலியாவின் முகம் சுருங்கியது. "நீ அங்கதான இருக்க. வேற எப்படிப் போடுறது?"

"அழிங்கக்கா."

மறுநாள் பத்து மணிக்குக் காகிதத்தை விரித்தாள். படியிறங்கும் ஒரு பெண், மிர்த்தாவின் முகம், கையில் வர்ண டப்பா. முன்பெல்லாம் ஒரு மத்தியான வேலை. இப்போது ஐந்து வாரம் பிடித்தது. நிபால்தோ துளை போட்டான். ஒதீலியா ஜன்னல்மேல் வெள்ளை அடித்து, அந்த உருவத்தை ஏற்றினாள்.

"இடது கால் கோணலா இருக்குக்கா," என்றாள் மிர்த்தா திரையிடுக்கிலிருந்து.

நீயே வந்து சரிபண்ணு என்று சொல்ல வாயெடுத்த ஒதீலியா, சொல்லாமல் தூரிகையைத் துடைத்தாள். "எவ்வளவு தள்ளணும்?"

"ரெண்டு விரல்."

வெளிச்சம் கண்ணைக் கரித்தது. மிர்த்தா திரையை இழுத்து மூடினாள்.