கேட்காமலே உள்ளே வரலாம்

மஞ்சள் பனியன் தலையில் மாட்டிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டை சின்னது. இழுத்துத் திமிறி ஒருவழியாக முகம் வெளியே வந்தபோது, மூக்குக்கு நேரே வார்டன் நின்றிருந்தார். புருவக்காரிக்கு உயிர் போய்த் திரும்பியது. வார்டன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், கட்டிலில் கிடந்த அவள் பையை எடுத்துத் தரையில் வைத்தார், வந்த மாதிரியே போய்விட்டார். பத்து நாளில் இது பதினேழாவது முறை. பக்கத்துக் கட்டில் சோடாபுட்டி ஒவ்வொரு முறையும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தாள். இன்றைய கோட்டைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு நீ கேட்டே ஆகணும். வாக்குக் குடுத்திருக்கே" என்று கையால் சொன்னாள்.

கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில், காது கேளாத பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்கும் முகாம் அது. முப்பத்திரண்டு பேர், எல்லோரும் பதினான்கிலிருந்து பதினேழுக்குள். முதல் நாளே ஒருவருக்கொருவர் கையால் பெயர் வைத்துக்கொண்டார்கள். இவளுக்குப் புருவத்தைக் கிள்ளிக் காட்டுவதே பெயராகிவிட்டது, ஏனென்றால் கை எழும்புவதற்கு முன்னால் இவள் புருவம் பேசிவிடும். அவர்கள் மொழியில் கை பாதி, முகம் பாதி. 'சாப்பிட்டாய்' என்பதற்கும் 'சாப்பிட்டாயா' என்பதற்கும் கையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. புருவம் ஏறினால் கேள்வி, ஏறாவிட்டால் செய்தி. கேள்வி கேட்டவர் பதில் வரும்வரை புருவத்தை இறக்கவும் கூடாது. இது தெரியாதவர்கள்தான் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் வகுப்பின் தலைப்பு 'தயங்காமல் கேளுங்கள்'. அதைப் பெரிய அட்டையில் எழுதி ஒட்டியும் வைத்தார்கள். புருவக்காரி அதை நம்பிவிட்டாள், அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். அன்றைக்கே முகாம் மேனேஜருக்குக் கடிதம் எழுதினாள். அறைக்கு வெளியே ஒரு சுவிட்ச், உள்ளே ஒரு விளக்கு. வருகிறவர்கள் சுவிட்சை அழுத்தினால் உள்ளே விளக்கு மினுங்கும், யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரிய கம்ப சூத்திரம் ஒன்றுமில்லை. மேனேஜர் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாவது கடிதத்துக்கும் கட்டைவிரல், மூன்றாவதற்கும் அதே. வார்டனிடம் போய்ச் சொன்னதற்கு, "தட்டினா உங்களுக்குக் கேக்கவா போகுது?" என்று சிரித்தாராம். அதை மொழிபெயர்த்துச் சொன்ன சித்தப்பாவின் முகம்தான் சுருங்கிப்போனது.

சித்தப்பா என்று எல்லோரும் கூப்பிட்டது முகாமின் மொழிபெயர்ப்பாளரை. அப்பா அம்மா இரண்டு பேரும் காது கேளாதவர்கள் என்பதால் பிறந்ததிலிருந்தே கைமொழி பேசுகிறவர். கடைசி நாள் விழாவில், பெற்றோர் முன்னால், தலைமை விருந்தினர் முன்னால், நன்றியுரை என்ற பெயரில் இதைக் கேட்டுவிடுவது என்று அவரும் அவளும் முடிவு செய்தார்கள். தாளில் எழுதினால் மேனேஜர் திருத்திவிடுவார் என்று எழுதாமலே ஒத்திகை பார்த்தார்கள். கடைசி வரியை அவளே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள். "தட்டினால் எங்களுக்குக் கேட்காது என்பதால், எங்களைக் கேட்காமலே உள்ளே வரலாமா?" கைமொழியில் காதால் கேட்பது வேறு, வாயால் கேட்பது வேறு. தமிழில்தான் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. காது கேட்கிறவர்களை அவர்கள் வார்த்தையாலேயே மடக்கப்போகிறோம் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

விழா அன்று காலையில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக ஆறு மாதப் படிப்பு முடித்த ஒரு அக்கா வந்திருந்தார், கையில் நிகழ்ச்சி நிரலோடு. பேச்சைச் சொல்லிவிடலாம் என்று புருவக்காரி இரண்டு தடவை அருகே போனாள். இரண்டு தடவையும் மேனேஜர் அந்த அக்காவை ஒலிபெருக்கிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேடையேறினாள். முன்வரிசையில் விருந்தினர், அவருக்குப் பக்கத்தில் மேனேஜர், ஓரத்தில் வார்டன். நான்காம் வரிசையில் பஸ் டிரைவர் சீருடையோடு அப்பா. கையை உயர்த்தினாள். எங்கள் கதவு எப்போதும் திறக்கிறது என்றாள். தூங்கும்போதும் திறக்கிறது, அழும்போதும் திறக்கிறது. பதினேழு முறை. கேட்காமலே உள்ளே வரலாமா என்று நெற்றி வலிக்கப் புருவத்தை ஏற்றிக் கேட்டாள். உள்ளே ஒரு விளக்கு போதும் என்று முடித்தாள்.

விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வார்டன் நெஞ்சில் கை வைத்தார். மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார், அவரைப் பார்த்து மண்டபமே எழுந்து நின்றது. உட்கார்ந்திருந்தது அவளுடைய முப்பத்தொரு பேர் மட்டும்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கீழே வந்ததும் அப்பா அவள் தோளை அணைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சைகைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம், அதனால் போனில் தட்டிக் காட்டினார். "சூப்பர்மா. எல்லாரும் அழுதுட்டாங்க. எங்க கதவு உங்களுக்கு எப்பவும் திறந்தே இருக்கும், தூங்கினாலும் அழுதாலும் நீங்க கேக்காமலே உள்ள வரலாம்னு சொன்னே பாரு. எங்களுக்குள்ள ஒரு விளக்கு ஏத்தி வச்சிருக்கீங்கன்னு வேற சொன்னியே. எங்கேம்மா கத்துக்கிட்டே இதெல்லாம்?"

அவள் அதை மூன்று முறை படித்தாள். பதினேழு கோடும் சேர்ந்து நன்றியாகிவிட்டது. போனை வாங்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அப்பா போன் என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு அந்த அக்காவைத் தேடிக்கொண்டு ஓடினாள், பின்னாலேயே சோடாபுட்டி.

"அக்கா, நான் கேள்வி கேட்டேன்" என்றாள் கையால்.

அந்த அக்கா விழித்தார். நிகழ்ச்சி நிரலை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். "நன்றியுரைன்னு போட்டிருந்துச்சு."

"என் முகத்தப் பாக்கவே இல்லையா?"

"கைய விட்டுட்டா பின்தங்கிடுவேன்னு பயம்மா." சொல்லி முடித்த கை அப்படியே நின்றது. இப்போது அவர் இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே புருவம் ஏறியிருந்த இடத்தைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"மைக்ல சொல்லுங்க. இப்பவே."

மைக்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள் அவர்களைத் தாண்டிப் போனார். பெற்றோர்கள் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரை மணியில் இந்த இடம் மறுபடியும் காலியான பள்ளிக்கூடம். வருகிற வருஷம் வேறு முப்பத்திரண்டு பேர் வருவார்கள், அவர்கள் கதவும் இப்படித்தான் திறக்கும். அதுவும் இவள் சொன்னதாகச் சொல்லியே திறப்பார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டியது, அழுவதற்கும் நேரமில்லை.

விருந்தினர் மேனேஜர் அறையில் சாப்பிடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். கதவு சாத்தியிருந்தது. அந்த அக்கா பழக்கத்தில் தட்டுவதற்குக் கையை உயர்த்தினார். புருவக்காரி அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு கதவை முழுசாகத் தள்ளித் திறந்தாள்.

விருந்தினரின் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. வார்டன் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார், திடுக்கிட்டு எழுந்தபோது தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. மேனேஜர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிப் பக்கத்து நாற்காலிமேல் போட்டிருந்தார், ஒரு காலுறையின் ஓட்டையில் பெருவிரல் எட்டிப்பார்த்தது. அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டு அவர் ஏதோ கத்தினார். உதட்டைப் படிப்பதில் பாதிக்குப் பாதி ஊகம்தான், பத்து வருஷம் பழகியும் அவளுக்குச் சரியாக வந்ததில்லை. இது மட்டும் எழுத்து எழுத்தாக விளங்கியது.

"கதவத் தட்டிட்டு வரத் தெரியாதா?"

அந்த அக்காவின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள் புருவக்காரி. கையை அல்ல, இங்கே பாருங்கள் என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். மேடையில் கேட்ட அதே வரியை மறுபடியும், ஒவ்வொரு கையசைவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த அக்காவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் மேனேஜரின் பூட்ஸுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் விருந்தினரைப் பார்த்தார், விருந்தினர் வார்டனைப் பார்த்தார், வார்டன் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். வாசலில் மஞ்சள் பனியன்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு நெற்றி வலித்தது. ஏற்றிய புருவத்தை அவள் இறக்கவில்லை.