விவசாயி வேணி

விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் கீரையும் போட்டிருந்த கோதண்டபாணியையும், பசியோடு இருக்கும் ஏழைகளையும் இணைத்தே தீருவது என்று திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை கங்கணம் கட்டிக்கொண்டது. திட்டத்துக்கு 'வயல் முதல் வயிறு வரை' என்று பெயர். பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம் நடந்ததாம். மூன்றிலும் சாப்பாடு பிரமாதமாம்.

இந்த இணைப்பு வருவதற்கு முன்னால் கோதண்டபாணியின் கொல்லையில் நடந்ததெல்லாம் சுத்த ஒழுங்கீனம். காலையில் வேணியும் இன்னும் நாலு பெண்களும் காய் பறிப்பார்கள். பறித்து முடித்ததும், கூலி போக, சொத்தையும் நல்லதுமாக ஆளுக்கு ஒரு மடி காய், மேலே ஒரு கட்டுக் கீரை என்று முந்தானையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் எடுத்துக் கொடுப்பதுமில்லை, அது பாட்டுக்கு நடக்கும். ஒரு படிவம் கிடையாது, கையெழுத்து கிடையாது, போட்டோ கிடையாது. ஏழை வயிற்றுக்குக் காய் போனதற்கு எந்த ஆதாரமும் இல்லாமலே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

கலைப்பிரியாதான் வந்து இதைக் கண்டுபிடித்தாள். அறக்கட்டளையின் கள அலுவலர். நல்ல பெண்தான், வேகாத வெயிலில் ஸ்கூட்டியில் வந்து எல்லாரையும் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். தராசை வரப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "வர வேண்டிய எடையில எட்டு கிலோ குறையுதே சார்?" என்றாள். கோதண்டபாணி மடி விஷயத்தைச் சொன்னார். அவள் கைப்பேசியை எடுத்து 'கசிவு' என்று குறித்துக்கொண்டாள்.

மறுநாளே கசிவு அடைபட்டது. ஒரு பிஞ்சு விடாமல் எடைபோட்டு, வண்டியில் ஏற்றி, திண்டிவனம் அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஏழைகளுக்குப் போகும். கோதண்டபாணிக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் மண்டி வாசலில் காய் வதங்கக் காத்துக் கிடந்த மனுஷனுக்கு, கொல்லைக்கே வந்து எடுத்துப்போகிறவர்களைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

"நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத வேணி. ஏழைங்களுக்குப் போவுதாம்," என்றார்.

வேணி காலி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "போவட்டும்ண்ணா. பாவம், இன்னா பண்ணுவாங்க ஏழைங்க."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் வீடு வரைக்கும் வயிறு எரிந்தது. மகள் அமலா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு மாதம். ரத்தம் எட்டுதான் இருக்கிறது, தினமும் கீரையும் காயும் கொடுங்கள், இப்படியே விட்டால் பிரசவத்தில் தாங்க மாட்டாள் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டில் ரேஷன் அரிசிக்குக் குறைவில்லை. அடுத்த இரண்டு வாரமும் அதில் ரசத்தை ஊற்றித்தான் பிசைந்தார்கள். அமலா வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் வேணிக்குத் தாங்கவில்லை.

வெட்கத்தை விட்டுக் கலைப்பிரியாவிடமே போனாள். "நாங்களும் ஏழைங்கதாம்மா."

"சூப்பர் அக்கா!" கலைப்பிரியாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். "புதன்கிழமை திண்டிவனத்துல முறைப்படி தொடக்க விழா. ஆதார் கார்டும் ஒரு பையும் எடுத்துட்டு வந்துடுங்க."

ஆக, தன் வீட்டுக்கு அரை மைல் தள்ளிப் பறித்த காயை வாங்க, வேணி ஒரு நாள் வேலையை விட்டு, விழுப்புரம் வந்து பஸ் மாறி, திண்டிவனத்துக்குப் போனாள். மண்டப வாசலில் பேனரில் பத்தடி உயரத்துக்கு அவளே நின்றாள். கூடை நிறையக் கத்தரிக்காய், முகம் நிறையச் சிரிப்பு, கீழே 'நம் விவசாயி' என்று கொட்டை எழுத்து. அது சிரிப்பே இல்லை. வெயில் கண்ணைக் கூச, "இன்னும் எத்தினி போட்டோம்மா புடிப்ப?" என்று கொல்லையில் கலைப்பிரியாவிடம் கேட்ட முகம் அது.

உள்ளே கணினி முன்னால் இருந்த அறக்கட்டளை ஊழியர் ஜெகதீசன் ஆதாரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நீங்க போட்டோவோட விவசாயி லிஸ்ட்ல இருக்கீங்கம்மா. குடுக்கற பக்கம். வாங்கற பக்கம் வர முடியாது."

"விவசாயியா? எனக்கு ஒரு சாண் நெலம் கெடையாதுங்க சார்."

"அப்ப நிலம் இல்லைன்னு வி.ஏ.ஓ. கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்."

"இல்லாததுக்கு இன்னாங்க சார் சான்று?"

ஜெகதீசன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கலைப்பிரியா ஓடி வந்து கையைப் பிசைந்தாள். உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் அரை நிமிஷத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, கோதண்டபாணி சார் வரல, கரண்ட் இருக்கும்போதே தண்ணி பாய்ச்சணுமாம். விவசாயி கையாலதான் முதல் பை குடுக்கணும். நீங்களே குடுத்துடுங்க, ப்ளீஸ்!"

மேடை ஜோராக இருந்தது. மேசை மேல் கோபுரமாகக் கத்தரிக்காய், மேசை ஓரம் முழுக்கத் தோரணமாகக் கீரைக்கட்டு. நேற்றுக் காலை அவள் கட்டிய கட்டுகள். வேணி பையை எடுத்து, திண்டிவனத்தில் வீட்டுவேலை செய்யும் சவுரியம்மாள் என்ற கிழவியிடம் கொடுத்தாள். போட்டோக்காரர் திருப்தி இல்லாமல் பையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுக்கச் சொன்னார். மூன்றாம் தடவை கொடுத்தபோது வேணிக்கு அழுகை முட்டியது. சவுரியம்மாளுக்குப் போகிறதே என்று அல்ல. அந்தக் கிழவியின் கையும் அமலாவின் முகம் மாதிரியே வெளுத்திருந்தது.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "இனிமேல் இந்தப் பகுதியில் கீரை கிடைக்காத கர்ப்பிணி என்று ஒருவர்கூட இருக்க மாட்டார்!" கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது.

வேணி மேசைக்குப் போனாள். கொண்டுவந்த கட்டைப்பையை விரித்து, தோரணத்திலிருந்து ஒவ்வொரு கீரைக்கட்டாக அவிழ்த்து உள்ளே வைத்தாள். அவசரமே படவில்லை. கைதட்டல் மெல்ல அடங்கியது. விருந்தினர் பேச்சை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். கலைப்பிரியா மேடைக்கு ஓடி வந்து காதருகில் குசுகுசுத்தாள்.

"அக்கா, அக்கா, அது டெகரேஷன்!"

"தெரியுதும்மா." வேணி கோபுரத்தின் அடியிலிருந்து கத்தரிக்காயை உருவினாள். மீதியெல்லாம் சரிந்து மேடையில் உருண்டது. "கீரை நாளைக்கே வாடிடும். எம் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. நாளைக்கு எங்க விழா வெச்சிருக்கீங்க?"