சைலன்சர் ரகசியம்

“மாமா காரு மலை ஏறாதுக்கா. நீ பஸ்ல வந்துடு.”

“பேசாம இருடா. ஞாயித்துக்கிழம உனக்கு முன்னாடி ஜமுனாமரத்தூர்ல நிப்போம், பாரு.”

என் மனைவி வேதாவும் அவள் தம்பி சடையனும் வாசலில் போட்ட சண்டை உள்ளே இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. எங்கள் பழைய கார் மேட்டைக் கண்டாலே திணறும். மானம் போகக் கூடாதே என்று புது சைலன்சர் மாட்டினேன். சத்தம்தான் ஜாஸ்தியானது, வேகம் கூடவில்லை.

சனிக்கிழமை வேதா டிக்கியைத் திறந்தாள். பௌர்ணமி அன்னதானத்துக்குக் கொண்டுபோன அண்டா, அடுப்பு, மீந்த அரிசி மூட்டை எல்லாம் உள்ளேயே இருந்தன. அடுத்த பௌர்ணமிக்கும் வேண்டுமே என்று நான்தான் இறக்காமல் விட்டிருந்தேன்.

“இத்தயெல்லாம் மாசம் பூரா சுமந்துக்கினு சுத்துனா வண்டி எப்படிங்க ஓடும்?”

எல்லாவற்றையும் இறக்கினோம். டயரில் காற்றும் கம்மியாக இருந்தது, அடித்தோம்.

ஞாயிறு அன்று சடையனுக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தோம்.

“இன்னா மாமா பண்ணீங்க?”

“சைலன்சர்தான்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வேதா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நாளைக்கு அவனும் தன் வண்டியில் அதையே மாட்டப் போகிறானாம். உண்மையைச் சொல்லலாமா, வேண்டாமா? இன்றைக்குள் ஒரு பதில் போடுங்கள்.