முன்பாதி போதுமாம்

...இல்லை, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைக்கலாம், திரைச்சீலையை ஓரமாக ஒதுக்கவேண்டும், காற்றில் அடித்தால் அவருக்கு மறைத்துவிடும், சக்கர நாற்காலியை இப்படித் திருப்பினால் கொட்டகை தெரியும், காரின் மூக்கு வெளியே வருவது முதலில் தெரியும்... கணவரின் கழுத்துக்கடியில் தலையணையைச் செருகினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து தலை தானாக நிற்பதில்லை. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. எல்லாம் புரியும்மா அவருக்கு, பாத்துப் பேசுங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்த்துத்தான் பேசுகிறாள். எல்லாம் புரிகிறது என்பதுதானே அவளுக்கு வேண்டியிருந்தது? காரை விற்க விளம்பரம் எப்படிப் போடுவதென்று மகள்தான் வெளியூரிலிருந்து போனில் சொல்லிக்கொடுத்தாள், அப்பாகிட்ட கேட்டியாம்மா என்றும் கேட்டாள். கேட்டேன், வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல என்றாள் இவள். மகள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், நல்ல நகைச்சுவைதான்... பழங்காலத்துக் கார், ஒரே உரிமையாளர், கண்ணாடிபோல வைத்திருக்கிறோம் என்று எழுதினாள். பொய்யில்லை. அவர் தன் மூக்குக்கண்ணாடியைக்கூட அப்படித் துடைத்ததில்லை, பனியனைக் கிழித்துத் துணியாக்கி, வாயால் ஊதி ஊதி, விளக்கைத் துடைப்பார், பிறகு கைப்பிடியை, பிறகு மறுபடி விளக்கை. அவளிடம் பேசியதெல்லாம் கதவை அறையாதே, செருப்பைத் தட்டிவிட்டு ஏறு, கண்ணாடியில் கை வைக்காதே. அவ்வளவுதான் கல்யாண வாழ்க்கை... அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதிகமாகப் பேசினார். பனிக்குடம் உடைந்து அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இரு, இதுல வேணாம், சீட்டெல்லாம் நாசமாயிடும், வாடகைக் கார் கூப்பிடறேன் என்றார். வாடகைக் கார் வந்தது, தாமதமாகத்தான் வந்தது. அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போது மட்டும் இந்த வண்டியிலேயே அழைத்துவந்தார், பின்சீட்டில் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டு. அதன்மேல்தான் உட்கார்ந்து வந்தாள், நகராமல், கறை படாமல், ஏன் நகரவில்லை, ஏன் அந்தப் போர்வையை உருவி வெளியே எறியவில்லை... மகள் பிறந்தபோது அவளே முன்கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை.

விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டவர்களில் நல்லவரும் இருந்தார். ஒரு பல் டாக்டர், போனில் குரலே தழுதழுத்தது, என் அப்பாகிட்ட இதே மாதிரி வண்டி இருந்துச்சும்மா, ஒரு ஆணிகூட மாத்தாம வச்சுப்பேன் என்றார். வித்துப்போச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள், அப்போது வண்டி கொட்டகையில்தான் இருந்தது, கணவர் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கு வேண்டிய ஆள் பிறகுதான் கிடைத்தான், ஓட்டல்காரன். இதோ, கொட்டகையில் நிற்கிறான், இழுவை வண்டியோடு வந்த இரண்டு பேருக்குக் கையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறான். வெயிலில் வண்டி மெல்ல வெளியே வந்தது. எவ்வளவு சின்னதாக இருக்கிறது, இதற்காகவா...

ஓட்டல்காரன் ஜன்னலோரம் வந்தான், உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஐயா பாத்துட்டு இருக்காரேம்மா. திரையை இழுத்துவிட்டுடலாமா?"

"பாக்கட்டும். ஆசையா வளத்தவரு. எங்க வெட்டுவீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, அவருக்குச் சரியாக் கேக்கல."

அவன் தயங்கினான். பிறகு தயக்கத்தோடேயே சொன்னான், கதவுக்கு முன்னால் அறுத்து எடுப்பார்களாம், முன்பாதி போதுமாம், ஓட்டலில் பணம் வாங்குகிற மேசையாக நிறுத்துவார்களாம், விளக்கு இரண்டும் எரியுமாம், குழந்தைகளுக்குப் பிடிக்குமாம். பின்பாதி பழைய இரும்புக் கடைக்கு. பின்பாதி... பின்சீட்டும்தானே? ஆமாம்மா, அது எதுக்கு என்றான். அவள் குனிந்து கணவரின் காதருகே, கேட்டீங்களா, பின்சீட்டு எதுக்கும் ஆகாதாம் என்றாள். அவர் வலது கண்ணில் தண்ணீர் இறங்கியது. அந்தக் கண்ணில் எப்போதும் இறங்குவதுதான், வெளிச்சம் பட்டாலும் இறங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாய் ஒருபக்கம் இழுத்தது, அழுகையா, சிரிப்பா, பாதி முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன... இழுவை வண்டி தெருமுனையில் திரும்பியது. கொட்டகைத் தரையில் எண்ணெய்க் கறை. அவ்வளவுதானா? நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தாள், இறங்கவில்லை. விளம்பரத்தை நீக்கினாள். பசித்தது.

சூப்பை ஆற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக வாயைத் திறக்கவைக்கப் பெரும்பாடு, இன்று கரண்டி வருமுன்பே திறந்துகொண்டு அவள் மடியையே பார்த்தார். மடியில் போன். ஓ, அதற்கா... இத்தனை நாளும் விளம்பரத்துக்கு வந்த பதில்களை ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றாக வாசித்துக்காட்டியிருக்கிறாள், ஒருத்தன் எடைக்குப் போடுவீங்களான்னு கேக்கறான், ஒருத்தன் படத்துல இருக்கற ஓட்டை துருவான்னு கேக்கறான், இன்னொருத்தன் இதுக்கு ஒரு சைக்கிள் தரேங்கறான். ஊசிபோல ஒவ்வொன்றையும் ஏற்றினாள், அவரும் கண் எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக் கேட்பார். எழுந்து போக முடியாது, வேறென்ன செய்வார் என்றுதான் நினைத்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாமே? கண்ணை மூட முடியும் அவருக்கு. ஒருநாளும் மூடியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதையாவது அவரை இப்படி உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாளா, அவர் இப்படிக் கேட்டிருக்கிறாரா... வண்டிக்காகக் கேட்டாரா? இல்லை... சே, வண்டிக்காகத்தான், வேறு எதற்கு. போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை, இனி வரவும் வராது. கரண்டி அந்தரத்தில் நின்றது, சூப்பு ஆறிக்கொண்டிருந்தது, அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

"புதுசா ஒருத்தன் கேக்கறான்" என்றாள்.

அவர் கண் அவள் முகத்துக்கு ஏறியது. அவன் என்ன கேட்கிறான் என்று அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை.