ரூட்டுக்குச் சொந்தமான காதுகுத்து

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் தர்மராஜுக்கு ஒரு பேனர் கடை. கடை அவன் பெயரில் இருந்தாலும் கம்ப்யூட்டர் அவன் பொண்டாட்டி பூங்குழலியின் ஆட்சியில் இருந்தது. கஸ்டமர்களின் பென்டிரைவில் வந்த வைரஸ் கடையை அடிக்கடி படுக்க வைத்ததால் அவள்தான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். புதிதாக எதை நிறுவுவதென்றாலும் அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஒருநாள் யூடியூபைப் பார்த்து, கட்டளைக்கு முன்னால், நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்று பொருள்படும் 'சூடோ'வைச் சேர்த்து ஒரு ஃபான்ட்டை நிறுவப் பார்த்தான். உனக்கு அனுமதியில்லை, இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும் என்றது திரை. கலெக்டர் ஆபீசுக்கே தகவல் போய்விடுமோ என்று பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

புகார் பொண்டாட்டிக்குத்தான் போகும் என்று தெரிந்ததும் பயம் போய் ரோஷம் வந்தது. சோறு வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவளும் இறங்கி வந்து அந்த உரிமையைக் கொடுத்தாள். நிறுவும்போது மட்டும் சூடோ போடுங்க, எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்காக ஆண்டிமடம் போனாள்.

ஃபான்ட் ஒழுங்காக இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதவிக்கு வந்தவன் சும்மா இருப்பானா? பேனர் வரைகிற மென்பொருளையே சூடோ போட்டுத் திறந்து, ஒரு காதுகுத்து பேனரை வரைந்து சேமித்தான்.

மறுநாள், காது குத்தப்போகும் குழந்தையின் தாய்மாமன் முத்தமிழ்செல்வன் வந்து பார்த்தார். அவர் பெயர் 'முத்தமிழ்செல்வி' என்று இருந்தது. தர்மராஜ் சூடோ இல்லாமல் வழக்கம்போல கோப்பைத் திறந்து திருத்தினான். சேமிக்க அனுமதியில்லை என்றது கம்ப்யூட்டர். மானத்தை விட்டு ஆண்டிமடத்துக்குப் போன் போட்டான்.

"நேத்து சூடோ போட்டா தொறந்தீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த ஃபைலு உங்களுது இல்ல. ரூட்டுக்குச் சொந்தம்."

ஸ்பீக்கரில் கேட்ட முத்தமிழ்செல்வன், "ரூட்டுங்குறது யாரு தம்பி, உங்க பங்காளியா?" என்றார். "கம்ப்யூட்டருக்கே முதலாளிங்க, சூடோ போட்டுச் செஞ்சா எல்லாம் அந்தப் பேருலதான் பதிவாகும்," என்றாள் பூங்குழலி.

தர்மராஜின் கோப்புறையை மீண்டும் அவன் பெயருக்கே மாற்ற அவள் ஒரு கட்டளை வரி சொன்னாள். அடித்து முடித்ததும், எண்டர் தட்டாமல் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தான். சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அதை எடுங்க, சாய்கோடு தனியா நின்னா மொத்த கம்ப்யூட்டர்னு அர்த்தம், அப்படியே தட்டினா மொத்த சிஸ்டமும் படுத்துடும் என்றாள். ஏசி அறையிலேயே அவனுக்கு வேர்த்தது.

இடைவெளியை எடுத்துவிட்டுத் தட்டினான். முத்தமிழ்செல்வி முத்தமிழ்செல்வன் ஆனார்.

அவள் திரும்பி வந்ததும், இந்த உரிமையெல்லாம் எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்க என்றான்.

"இருக்கட்டும்," என்றாள் பூங்குழலி. "இப்பதான் உங்களுக்குப் பயம் வந்திருக்கு. இனிமே நம்பிக் கொடுக்கலாம்."