முன்வரிசை நாற்காலி

"போகலேன்னா ஊர் வாயில விழணும், அண்ணி. என் பசங்களும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குதுங்க" என்றான் கொழுந்தன் டெட்சுயா.

சனாயே கறுப்பு உடுப்பின் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினாள்.

"என் புள்ள செத்ததைப் படமா எடுத்துட்டு, அதை நான் உக்காந்து பார்க்கணுமா?"

"கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காருங்க. முடிஞ்சதும் நன்றின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அவளுடைய ஒரே மகள் கொஹாரு, பதின்மூன்று வயதில், போன குளிர்காலம் கடலில் குதித்து உயிரை விட்டாள். அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்க வேண்டுமென்று பள்ளிக்கு ஆசை. சம்மதம் கேட்கப் பழக்கூடையோடு வந்த முதல்வரும் பெற்றோர் சங்கத்தாரும், அவள் தலையாட்டும்வரை பாயை விட்டு எழவில்லை. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடிப்பதைக்கூட இவ்வளவு பணிவாகத்தான் செய்வோம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சனாயேவுக்கு ஒரு நாற்காலி.

படத்துத் தாய் மீன் ஆலையிலிருந்து இருட்டிய பிறகு வந்தாள். மகள் கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தனியாகத் தின்றாள். தாய் அவள் முகத்தைப் பார்க்காமலே படுத்துவிட்டாள். பியானோ அழுதது. பள்ளிக்கூடம் மட்டும் படம் முழுக்கப் பளிச்சென்று இருந்தது.

சனாயே தினமும் விடியுமுன் எழுந்து முட்டையைப் பொரித்துச் சுருட்டிக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பள்ளியில் யார் குப்பையில் கொட்டினார்கள் என்று படம் சொல்லவே இல்லை.

பக்கத்தில் ஒரு சிறுமி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். ஆசிரியர் குனிந்து அவள் மோவாயை நிமிர்த்தினார். "ஹொனொகா, பாரு. எல்லாரும் பார்க்கறாங்கல்ல?"

கொஹாருவின் சாப்பாட்டைக் கொட்டிய பெண்களில் ஒருத்தி இந்த ஹொனொகா. சனாயேவுக்கு அது தெரியும். ஆனாலும் எழுந்து ஆசிரியரின் கையை விலக்கினாள்.

"விட்டுடுங்க சார். வேணாங்குறா."

"முழுசா பார்க்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம்மா."

சனாயே சிறுமியைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போனாள். தாழ்வாரத்தில் ஹொனொகா தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஆன்ட்டி, இப்படியெல்லாம் நடக்கல. நாங்கதான்... வெளிய சொல்லாதீங்கன்னு டீச்சருங்க சொன்னாங்க."

"தெரியும்டா" என்றாள் சனாயே. அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், சிறுமியின் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. முதல்வர் குனிந்து வணங்கி மைக்கை நீட்டினார். "கொஹாருவோட அம்மா இப்ப நமக்கு நன்றி சொல்வாங்க."

"என் பொண்ணு வீட்டுல தனியா இருந்ததால சாகல" என்றாள் சனாயே. "இங்க, இத்தனை பேருக்கு நடுவுல தனியா இருந்தா. என்ன நடந்துச்சுன்னு இப்ப சொல்லப்போறேன். கேக்க முடியாதவங்க எழுந்து போகலாம். யாரும் தடுக்க வேண்டாம்."

பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. முதல்வர் மட்டும் வெளியே போனார்.